எண்ணுக்கு அடியில் ஒரு பூமி

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துக்குள், ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் தூண் அது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். தூண் நட்ட இடத்திலேயேதான் இருக்கிறது. அதன் தீர்க்கரேகை மட்டும் இடம் மாறியது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இந்திய நிலப்படங்கள் இந்த வானாய்வகம் கிரீன்விச்சுக்குக் கிழக்கே 80 பாகை 17 கலைக்குச் சற்று மேல் இருப்பதாகக் கொண்டன. பிறகு செய்த துல்லியமான அளவீட்டில் அது 80 பாகை 15 கலைக்குச் சற்றுக் குறைவு என்று தெரிந்தது. பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. இந்த வித்தியாசம் சுமார் இரண்டரை கலை. சென்னையின் அட்சரேகையில் அது ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர்.

இந்தியா முழுவதன் தீர்க்கரேகைகளும் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் கணக்கிட்டவை. ஆகவே தவறும் நாடு முழுக்கப் பரவியது. பெஷாவர் முதல் கன்னியாகுமரி வரை எல்லா ஊர்களும் படத்தில் ஒரே அளவு கிழக்கே தள்ளி உட்கார்ந்திருந்தன. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தூரங்களில் பிழை இல்லாததால், படத்தை வைத்துக்கொண்டு வண்டி கட்டிப் போனவர் யாருக்கும் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

இப்படி ஒரு பிழை எப்படி வந்தது? தீர்க்கரேகையை அளப்பது என்றால் உண்மையில் நேரத்தை அளப்பது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. மணிக்கு 15 பாகை. ஓர் ஊரில் நண்பகல் ஆகும்போது கிரீன்விச்சில் மணி என்ன என்று தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள நேர வித்தியாசமே தீர்க்கரேகை. ஒரு கலைக்கு நான்கு நொடி. அந்த நாலரை கிலோமீட்டரும் நேரக் கணக்கில் வெறும் பத்து நொடி.

ஆனால் கிரீன்விச்சில் இப்போது மணி என்ன என்பதை 1790களில் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எப்படி அறிவது? வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜான் கோல்டிங்காம் வியாழனின் நிலவுகளைப் பார்த்தார். அவை வியாழனின் நிழலுக்குள் போய் மறைவதும் வெளிவருவதும் பூமியின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில் நடப்பவை. வானத்தில் எல்லோருக்கும் பொதுவாகத் தொங்கும் கடிகாரம் அது. சிக்கல் என்னவென்றால், நிலவு ஒரே கணத்தில் அணைந்துவிடுவதில்லை, மெல்ல மங்குகிறது. தொலைநோக்கியின் திறன், கண்ணின் கூர்மை, அன்றைய வானின் தெளிவு எல்லாம் சேர்ந்து சில நொடிகளை முன்னும் பின்னும் இழுத்துவிடும். ஒவ்வொரு நொடிக்கும் சென்னையில் 450 மீட்டர். அந்தக் கருவிகளுடன் பத்து நொடிக்குள் வந்து நின்றதே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தந்திக் கம்பி வந்த பிறகுதான் இது தீர்ந்தது. கடலுக்கடியில் கேபிள் போட்டு இங்கிலாந்தையும் இந்தியாவையும் இணைத்ததும், நேரத்தைக் கம்பி வழியே அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. ஓர் இடத்துக்கு நாம் கொடுக்கும் எண், அந்த இடத்தோடு பிறந்த எண் அல்ல. எங்கே தொடங்கி அளந்தோம், பூமிக்கு என்ன உருவம் என்று வைத்துக்கொண்டோம், எந்தக் கடிகாரத்தை நம்பினோம் என்ற மூன்றும் அந்த எண்ணுக்கு அடியில் இருக்கின்றன. போனின் திரையில் எட்டு இலக்கத்தில் ஓர் எண் வந்து நிற்கும்போது இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன.

அட்சரேகையில் இந்தத் தொல்லை குறைவு. வடதுருவத்துக்கு ஏறக்குறைய நேர் மேலே துருவ நட்சத்திரம் இருப்பதால், அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ அதுவே நாம் நிற்கும் அட்சரேகை. கன்னியாகுமரியில் 8 பாகை, சென்னையில் 13. கடலோடிகளுக்கு இதை அளக்க ஒரு சிறு பலகையும் முடிச்சுப் போட்ட கயிறும் போதும். கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்திப் பார்த்தால், எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகையில் கப்பல் இருக்கிறது என்று பொருள். அரபு மாலுமிகள் இதைக் கமால் என்றார்கள். சோழமண்டலக் கரையின் மாலுமிகளும் இதே முறையைக் கையாண்டார்கள். முடிச்சே எண், துறைமுகமே அளவுகோல்.

நட்சத்திரங்களை வைத்து ஓரிரு புள்ளிகளை நிறுத்தலாம். ஒரு நாட்டையே படமாக்க வேண்டுமென்றால் தரையில் இறங்க வேண்டும். 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். அளக்கும் கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகள் வைத்து, ஒவ்வொரு கிடத்தலுக்கும் திருத்தம் போட்டார்கள். நானூறு முறை சங்கிலியைக் கிடத்த 57 நாள் ஆயிற்று.

இத்தனை பாடும் ஒரே ஒரு கோட்டுக்காக. ஏனென்றால் அந்த ஒரு கோட்டின் நீளம் சரியாகத் தெரிந்துவிட்டால், அதற்கு மேல் சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரியும் ஒரு குன்றை நோக்கிக் கோணம் அளந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்த முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களைக் கணக்கே சொல்லிவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. இடையிடையே சரிபார்க்க மட்டும் சில கோடுகளை மீண்டும் சங்கிலியால் அளந்தார்கள். கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து இமயமலை அடிவாரம் வரை இப்படியே முக்கோணங்கள் ஏறிப் போயின. 1823இல் லாம்டன் வேலையிலேயே இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1840களின் தொடக்கத்தில் அதை முடித்தார்.

கோணம் அளந்த தியோடலைட் கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியில் இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த ஆளுநர் அதைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். காவிரிச் சமவெளியில் குன்றுகள் கிடையாது. எனவே கோயில் கோபுரங்களே நோக்குமிடங்கள் ஆயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் இந்தத் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்துபோனது. வேறு கருவி வரவழைக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். லாம்டன் தானே உட்கார்ந்து ஆறு வாரம் போல உழைத்து, நெளிந்த தகட்டைப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கருவி கோணம் அளந்தது. நில அளவையின் வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமான நிகழ்ச்சி இதுதான்.

லாம்டனுக்கு நிலப்படம் மட்டும் நோக்கம் அல்ல. பூமியின் உருவத்தை அறிய வேண்டும் என்பது அவருடைய உள்ளார்ந்த ஆசை. சுழற்சியால் பூமி நடுவில் புடைத்திருக்க வேண்டும் என்று நியூட்டன் சொல்லியிருந்தார். அது எவ்வளவு என்பதைத் தரையில் அளந்துதான் சொல்ல முடியும். ஒரு பாகை அட்சரேகைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெற்கிலும் வடக்கிலும் அளந்து பார்த்தால், அந்த வித்தியாசத்திலிருந்து புடைப்பின் அளவு கிடைக்கும். நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இருபத்தொரு கிலோமீட்டர் வேறுபாடு.

இந்த அளவீடுகளிலிருந்து எவரெஸ்ட் 1830இல் பூமிக்கு ஓர் உருவம் கொடுத்தார். சற்றே தட்டையாக்கிய கோளம். கணிதத்தில் எலிப்சாய்டு என்பார்கள். அவர் கண்ட நிலநடுக்கோட்டு ஆரம் 6,377.276 கிலோமீட்டர். இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற உருவத்தில் அது 6,378.137. இரண்டுக்கும் 861 மீட்டர் வித்தியாசம். எவரெஸ்ட் தவறு செய்துவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர் படமாக்க வேண்டியிருந்தது இந்தியாவின் தரையை. இந்தியாவின் வளைவுக்கு நன்றாகப் பொருந்தும் ஓர் உருவத்தைத் தேர்ந்து, அதை மத்தியப் பிரதேசத்திலுள்ள கலியான்பூரில் தரையோடு பிணைத்தார். அந்த உருவத்தின் மையம் பூமியின் உண்மையான மையத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் விலகியிருந்தது. அதனால் இந்தியாவுக்குள் எந்தக் கெடுதலும் இல்லை.

இப்படி ஓர் உருவத்தைத் தேர்ந்து, அதைப் பூமியோடு எங்கே, எப்படிப் பொருத்துகிறோம் என்ற ஏற்பாட்டுக்கு டேட்டம் என்று பெயர். பழைய சர்வே ஆஃப் இந்தியா படத்திலிருந்து சென்னையின் ஒரு தெருமுனைக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்து அப்படியே ஜிபிஎஸ் கருவியில் இட்டால், இருநூறு மீட்டருக்குச் சற்று முன்பின் தள்ளிப்போய் நிற்போம். படமும் பிழையில்லை, கருவியும் பிழையில்லை. இரண்டும் வெவ்வேறு பூமிகளைப் பற்றிப் பேசுகின்றன. 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான படங்களை டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றியது. பாதுகாப்புத் துறைக்கான படங்கள் எவரெஸ்ட் உருவத்திலும் தொடர்ந்தன.

இதே கதை கிரீன்விச்சிலும் உண்டு. சுழிய தீர்க்கரேகை என்று தரையில் பதித்திருக்கும் கோட்டின் மேல் நின்று ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் சுழியம் வராது. ஜிபிஎஸ்ஸின் சுழியக் கோடு அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே, பூங்காவின் புல்வெளிக்குள் ஓடுகிறது. காரணம் தூக்குக் குண்டு. 1851இல் அந்தக் கோட்டை நிறுத்திய வானியலாளர் ஜார்ஜ் ஏரி, எது செங்குத்து என்பதைப் புவியீர்ப்பை வைத்துத் தீர்மானித்தார். புவியீர்ப்பு எங்கும் சரியாகப் பூமியின் மையத்தை நோக்கி இழுப்பதில்லை. அடியிலுள்ள பாறையின் அடர்த்திக்கு ஏற்பவும், அருகிலுள்ள மலைக்கும் பள்ளத்துக்கும் ஏற்பவும் சற்றே சாய்கிறது. செயற்கைக்கோளுக்கு இந்தச் சாய்வு தெரியாது. அது மையத்திலிருந்து அளக்கிறது. கோட்டின் சில விகலைச் சாய்வு தரையில் 102 மீட்டர் ஆகிவிட்டது.

புவியீர்ப்பின் இந்த ஏற்ற இறக்கம் உயரத்தில் இன்னும் பெரிய விளைவைக் காட்டுகிறது. அதில் உலகிலேயே மிகப் பெரிய பள்ளம் நம் வாசலில் இருக்கிறது. காற்றும் அலையும் ஓதமும் இல்லாமல் கடல் அடங்கி நின்றால் அதன் பரப்பு எந்த வடிவில் இருக்குமோ, அதற்கு ஜியாய்டு என்று பெயர். நாம் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று சொல்வது இந்தப் பரப்பிலிருந்துதான். புவியீர்ப்பு வலுவான இடத்தில் நீர் குவிந்து மேடாகும், வலுக் குறைந்த இடத்தில் தாழும். இந்தியாவின் தென்முனைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், ஜியாய்டு டபிள்யூஜிஎஸ் 84 உருவத்துக்கு 106 மீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. முப்பது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குக் கடல் தாழ்ந்திருந்தும், அதன் மேல் செல்லும் கப்பலுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே கீழ் என்பதும் மட்டம் என்பதும் அந்த நீர்ப்பரப்பே. இந்தத் தாழ்வுக்கான காரணத்தை, மறைந்துபோன டெத்திஸ் கடலின் தரைப்பாறை பூமிக்குள் மூழ்கியதும் அதனால் சூடான பாறை மேலெழுந்ததும் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2023இல் ஒரு கணினி மாதிரியால் விளக்கினார்கள்.

மெரினாவில், அலை காலை நனைக்கும் இடத்தில் நின்று, ஜியாய்டுத் திருத்தம் செய்யாத ஒரு ஜிபிஎஸ் செயலியைத் திறந்து பாருங்கள். உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே என்று காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை. கணித உருவத்திலிருந்து பார்த்தால் சென்னைக் கடற்கரை அவ்வளவு கீழேதான் இருக்கிறது. ஏரிக்கு வாய்க்கால் வெட்டுகிறவருக்கு இது வெறும் புதிர் அல்ல. நீர் ஜியாய்டைப் பார்த்து ஓடும், கணித உருவத்தைப் பார்த்து ஓடாது. செயற்கைக்கோள் தரும் உயரத்தை அப்படியே நம்பி நீண்ட கால்வாய்க்கு வாட்டம் பிடித்தால் தண்ணீர் எதிர்ப்பக்கம் திரும்பிவிடலாம்.

உருவம் முடிந்தது, இனித் தாள். வளைந்த பரப்பைத் தட்டையான தாளில் விரித்தால் பரப்பளவு, வடிவம், திசை, தூரம் என்ற நான்கில் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். கெரார்டு மெர்காட்டர் 1569இல் திசையைக் காப்பாற்றினார். அவர் படத்தில் திசைகாட்டியின் ஒரே முனையைப் பிடித்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை நேர்கோடாக வரும். அதற்கு விலையாகத் துருவத்தை நெருங்க நெருங்க நிலங்கள் ஊதிப் பெருக்கின்றன. கிரீன்லாந்து சுமார் 22 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியா சுமார் 33 லட்சம். பள்ளிச் சுவரில் தொங்கும் மெர்காட்டர் படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைப் போலப் பல மடங்கு. போனில் நாம் பார்க்கும் படங்களும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

நில அளவையாளர்களுக்குப் பாகையும் கலையும் வசதிப்படாது, மீட்டரில் வேண்டும். அதற்காக உலகத்தை ஆறு ஆறு பாகையாக 60 கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே தட்டையாக்குகிறார்கள். யுடிஎம் என்பது அந்த முறை. ஒவ்வொரு கீற்றின் நடுக்கோட்டுக்கும் 5,00,000 மீட்டர் என்று எண் கொடுத்து, அங்கிருந்து கிழக்கே கூட்டியும் மேற்கே கழித்தும் எண்ணுகிறார்கள். அப்படி வருவது கிழக்கெண். கீற்று 43க்கும் 44க்கும் நடுவிலுள்ள எல்லை 78 பாகை தீர்க்கரேகை. அது தமிழ்நாட்டை நீளவாக்கில் பிளக்கிறது. திண்டுக்கல் ஒரு கீற்றில், பக்கத்து மதுரை அடுத்த கீற்றில். இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது: கோவையின் கிழக்கெண் ஏறத்தாழ 7,14,000 மீட்டர். அதற்கு மிகக் கிழக்கே இருக்கும் சென்னையின் கிழக்கெண் ஏறத்தாழ 4,21,000. கீற்றின் எண்ணைச் சொல்லாமல் மீட்டரை மட்டும் எழுதி வைத்தால் சென்னை கோவைக்கு மேற்கே போய்விடும்.

இனி மேலே, 20,200 கிலோமீட்டர் உயரத்துக்கு. அமெரிக்காவின் முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 1978இல் ஏறியது. முழு அமைப்பும் 1995இல் தயாரானது. நம் இடத்தைச் செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு நம்மைத் தெரியவே தெரியாது. அது இடைவிடாமல் இரண்டு செய்திகளைச் சொல்லிக்கொண்டே போகிறது: நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது. நம் கையிலுள்ள கருவி அதைக் கேட்டு, தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிடுகிறது. செயற்கைக்கோள் நேர் உச்சியில் இருந்தால் அந்த நேரம் நொடியில் சுமார் 15இல் ஒரு பங்கு. நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம்.

மூன்று செயற்கைக்கோள்களிலிருந்து தூரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிட வேண்டும். ஆனால் ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. போனில் இருப்பது மலிவான குவார்ட்ஸ். அது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 கிலோமீட்டர் போச்சு. இதற்குக் கண்ட தீர்வுதான் இந்த அமைப்பின் உயிர். போன் கடிகாரத்தின் பிசகையும் நான்காவது அறியாத எண்ணாக வைத்துக்கொண்டு, நான்காவதாக ஒரு செயற்கைக்கோளைக் கேட்கிறார்கள். நான்கு சமன்பாடு, நான்கு அறியாதவை. இடத்தோடு சேர்த்து நேரமும் கிடைத்துவிடுகிறது. உலகெங்கும் மொபைல் கோபுரங்களும் மின் வலைப்பின்னல்களும் தங்கள் கடிகாரங்களை ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத்தான் சரிசெய்துகொள்கின்றன. கோல்டிங்காம் வியாழனின் நிலவுகளில் தேடிய பொதுக் கடிகாரம் இதுவே.

அணுக் கடிகாரமும் அப்படியே ஏற்றினால் உதவாது. வேகமாகப் பறப்பதால் அது நாளொன்றுக்கு 7 மைக்ரோநொடி பிந்தும். புவியீர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் 45 மைக்ரோநொடி முந்தும். நிகரமாக 38 முந்தல். இது ஐன்ஸ்டைனின் இரண்டு சார்பியல் கோட்பாடுகளும் சொன்ன கணக்கு. திருத்தாமல் விட்டால் தூரக் கணக்கில் நாளுக்கு 11 கிலோமீட்டர் பிழை சேரும். ஆகவே ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தைச் சற்று மெதுவாக ஓடும்படி அமைத்துவிடுகிறார்கள்.

தரைக்கு வந்து சேரும் சமிக்ஞையின் பலம் ஒரு வாட்டை நூறு கோடிக் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு அளவுதான். சுற்றியுள்ள இரைச்சலைவிட அது தாழ்ந்தது. ஆனால் அதன் ஏற்ற இறக்க வரிசை கருவிக்கு முன்பே மனப்பாடம். திருவிழா இரைச்சலில் தன் பிள்ளையின் குரலை மட்டும் ஒரு தாய் பிரித்து எடுப்பதுபோல, கருவி தனக்குத் தெரிந்த வரிசையை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, பொருந்தும் இடத்தில் பிடித்துக்கொள்கிறது. ஓட்டு வீட்டுக்குள்ளும் உயர்ந்த கட்டடங்களின் சந்துகளிலும் ஜிபிஎஸ் தடுமாறுவதற்கு இந்தப் பலவீனமே காரணம். அதோடு, சுவரில் பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞை சுற்று வழியில் வந்ததால், தூரத்தைக் கூட்டிக் காட்டும்.

தென் தமிழ்நாட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. வளிமண்டலத்தின் மேலே, சூரியன் அணுக்களுக்கு மின்னேற்றம் தரும் அயனி மண்டலத்தில், இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிதான் மிகவும் கொந்தளிப்பானது. பகலில் மின்துகள்கள் கோட்டின் மேலே எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் பொழிகின்றன. சூரியன் மறைந்த பின் அடர்த்தி குறைந்த குமிழ்கள் கிளம்புகின்றன. அவற்றின் ஊடே வரும் சமிக்ஞை மினுங்கி, சில வேளை அறுந்தேபோகும். சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். லண்டனிலோ நியூயார்க்கிலோ சோதித்துப் பார்த்த துல்லியத்தை நம் இரவுகளில் எதிர்பார்க்க முடியாது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது இந்தக் காந்த நடுக்கோட்டுக்காகவே.

இந்தியாவின் சொந்த அமைப்பான நாவிக், 2013இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் செயற்கைக்கோளை ஏவித் தொடங்கியது. அதன் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், எப்போதும் இந்தியாவிலிருந்து தெரியும்படியே உலவுகின்றன. ஜிபிஎஸ்ஸைவிட உயர்ந்த எஸ் அலைவரிசையையும் அது பயன்படுத்துகிறது. அலைவரிசை உயர உயர அயனி மண்டலத்தின் தாமதம் குறையும். இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டால் அந்தத் தாமதத்தையே அளந்து கழித்துவிடலாம். ஆனால் முதல் செயற்கைக்கோளில் இருந்த இறக்குமதி அணுக் கடிகாரங்கள் மூன்றும் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. கடிகாரம் போனால் செயற்கைக்கோள் இருந்தும் இல்லாததுதான். 2023இல் ஏறிய என்விஎஸ் 01இல் இந்தியாவில் செய்த ருபீடியம் கடிகாரம் இருந்தது. இந்த வரலாற்றில் நான் ராக்கெட்டைவிட அந்தக் கடிகாரத்தையே பெரிதாக மதிக்கிறேன்.

இவ்வளவு செய்தும் தரை சும்மா இருப்பதில்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. ஒரு தலைமுறைக்குள் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். ஆஸ்திரேலியா இன்னும் வேகம், ஆண்டுக்கு 7 சென்டிமீட்டர். 1994இல் நிலைநிறுத்திய டேட்டத்தை வைத்தே அவர்கள் படம் வரைந்துவந்தார்கள். 2020க்குள் நாடு 1.8 மீட்டர் நகர்ந்துவிட்டதால், எல்லா எண்களையும் அந்த அளவுக்கு மாற்றிப் புதிய டேட்டம் வகுத்தார்கள். துல்லியமான எண் என்றால் அதனுடன் தேதியும் எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் அப்பாற்பட்ட இடக்குறிப்புகளும் உண்டு. தாலுகா அலுவலகத்தில் கிடைக்கும் எஃப்எம்பி புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். பழைய படமானால் அதில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு இவ்வளவு. அந்தக் கோட்டில் இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு விலகினால் வரப்பின் மூலை. அவ்வளவே. கல் அசையாத வரை அந்தப் படம் பொய்க்காது. பூமி எந்த உருவமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கடலில் பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைப் பழைய மீனவர்கள் குறித்ததும் இதே வகைதான். கரையில் ஒரு மாதா கோயில் கோபுரமும் பின்னாலுள்ள ஒரு மலை முகடும் ஒரே நேர்கோட்டில் வரும்படி ஒரு பக்கம். வேறு இரண்டு அடையாளங்கள் சேரும்படி இன்னொரு பக்கம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் வலையை இறக்குவார்கள். இதை வெறும் நாட்டுப்புறத் திறமை என்று ஒதுக்குகிறவர்கள், லாம்டன் தியோடலைட்டோடு செய்ததும் இதே வெட்டுப்புள்ளி வேலைதான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்று பாக் நீரிணையின் விசைப்படகுகளில் ஜிபிஎஸ் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1974இல் செய்த ஒப்பந்தம், நீரிணையின் எல்லையை ஆறு புள்ளிகளாகவும் அவற்றை இணைக்கும் பெருவட்ட வில்களாகவும் வகுத்தது. கடலில் ஒரு கல்லும் நட முடியாது. எல்லை முழுவதும் எண்களிலேயே இருக்கிறது. அந்த எண்கள் கடல் வழக்கப்படி பாகையும் கலையும் கலையின் தசமமுமாக எழுதியவை. ஒரு கலை அட்சரேகை ஒரு கடல் மைல், 1,852 மீட்டர் என்பதால் கடலில் அதுதான் வசதி. கரையில் சிலர் பாகை, கலை, விகலை என்று எழுதுகிறார்கள். போன் தசமப் பாகையில் காட்டுகிறது.

9 பாகை 30.50 கலை என்று ஒருவர் வயர்லெஸ்ஸில் சொல்கிறார். கேட்டவர் அதை 9 பாகை 30 கலை 50 விகலை என்று குறித்துக்கொண்டால் அரை கலைக்குப் பதில் முக்கால் கலைக்கு மேல் ஆகிவிட்டது. கடலில் 600 மீட்டருக்குச் சற்று மேல் வடக்கே போய்விட்டார். வேறொருவர் அதையே போனில் 9.3050 என்று இட்டால், அது 9 பாகை 18.3 கலை. 22 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மொத்தம் இருப்பதே 30 கிலோமீட்டர் அளவுதான். படகுக்கு ஜிபிஎஸ் வாங்கித் தருகிற திட்டங்கள் எதுவானாலும், முதல் நாளே மீனவர்களை உட்கார வைத்து இந்த மூன்று எழுத்து முறைகளையும் சொல்லித் தர வேண்டும். கருவியின் அமைப்புப் பட்டியலில் எழுத்து முறை என்ன, டேட்டம் என்ன என்று காட்டும் இரண்டு வரிகளையும் திறந்து காட்ட வேண்டும்.